அமிலத்திடம் கேட்ட கடிதம்

ரேடியோவுக்குப் பேச்சு வரவில்லை.

வகுப்பில் வாய் மூடாதவள் என்பதால்தான் அவளுக்கு அந்தப் பெயர். இப்போது வேதியியல் ஆய்வக வாசலில் நனைந்த தீக்குச்சி மாதிரி நின்றிருந்தாள்.

உள்ளே அமிலம் பிராக்டிகல் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

அமிலம் என்பது எங்கள் வேதியியல் ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். எந்த வருட செட் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் அந்தப் பெயர் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் பின்பக்கத் தொட்டியில் பியூரெட் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குழாயைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தால் முன்மேசையில் பேசுவது காதில் விழும்.

"மிஸ், காலேஜுக்கு ஒரு ரெகமண்டேஷன் லெட்டர் வேணும்."

அமிலம் தலை நிமிரவில்லை.

எந்தக் கல்லூரி என்று அவர் கேட்கவும் இல்லை. படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் தானே செலவு செய்யும் கல்லூரி எங்களுக்குத் தெரிந்து ஒன்றுதான். ஒரு பள்ளிக்கு ஒரு இடம். இந்த வருடம் எங்கள் பள்ளியிலிருந்து மூன்று பேர் விண்ணப்பிக்கிறோம்.

அது கிடைக்காவிட்டால் சித்தியின் செல்போன் கடையில் போய் உட்கார வேண்டியதுதான் என்று ரேடியோவுக்கு வீட்டில் சொல்லியாகிவிட்டது.

அமிலத்திடம் கடிதம் கேட்கப் போகிறவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். ஆனால் அவர் எழுதிவிட்டால் அதற்கு ஒரு மரியாதை இருந்தது. பார்க்காததை எழுத மாட்டார் என்பது கல்லூரிகள் வரைக்கும் தெரிந்த விஷயம்.

"சும்மா ஒரு லெட்டர் இல்ல மிஸ். ஸ்ட்ராங்கா வேணும்."

அமிலம் பேனாவை மூடி வைத்தார்.

"என் கிளாஸ்ல நீ உள்ள இருந்ததைவிட வெளிய நின்னதுதான் ஜாஸ்தி. எந்த தைரியத்துல எங்கிட்ட வந்த?"

எனக்குக் கையிலிருந்த பியூரெட் வழுக்கியது. அவ்வளவுதான், இவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மத்த மிஸ் எல்லாம் நான் நல்ல பொண்ணுன்னு எழுதுவாங்க," என்றாள் ரேடியோ. "நான் எப்படி வேலை பாப்பேன்னு உங்களுக்கு மட்டும்தான் மிஸ் தெரியும்."

நான் குழாயை மூடிவிட்டேன்.

எதைச் சொல்கிறாள் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

அரையாண்டு பிராக்டிகலில் டைட்ரேஷன்: பியூரெட்டிலிருந்து எவ்வளவு கரைசல் இறங்கியதும் நிறம் மாறுகிறது என்று அளக்க வேண்டும். வகுப்பு முழுக்க, வர வேண்டிய அளவு எதுவோ அதை எழுதிக் கொடுத்தது. ரேடியோ மட்டும் தனக்கு வந்த அளவை எழுதினாள். தப்பு என்றார் அமிலம். மறுபடி செய்தாள், அதே அளவு. இன்னொரு முறை, அதே. சிவப்பு மையில் பெரிய பூஜ்ஜியம் வாங்கினாள். வாதாடியதற்காக வெளியேயும் நின்றாள்.

மறுநாள் காலை அமிலம் தனியாக உட்கார்ந்து அந்தக் கரைசலைச் சோதித்தார். அவர் தயாரித்த கரைசல்தான் தவறு.

பூஜ்ஜியத்தை அடித்து முழு மதிப்பெண் போட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரேடியோவும் கேட்கவில்லை. ரேடியோ பேசாமல் விட்டது அந்த ஒரு விஷயத்தைத்தான்.

அமிலம் இழுப்பறையிலிருந்து பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்தார்.

அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். முடித்ததும் தாளைத் தூக்கிப் பிடித்து, மதிப்பெண் வாசிக்கிற அதே குரலில் வாசித்தார்.

"இத்தனை வருட வேலையில், என் தவறை எனக்கே காட்டிய ஒரே மாணவி இவள். அதற்குத் தண்டனை கிடைத்த பிறகும் தன் விடையை மாற்றவில்லை. பேச்சைக் குறைக்க மாட்டாள். நான் முயன்று தோற்றேன். நீங்கள் முயல வேண்டாம்."

உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

ரேடியோ அதை இரண்டு கைகளாலும் வாங்கினாள். வாங்கிய வேகத்தில் வெளியே போனாள். அடுத்த நொடி வராந்தா முழுக்க அவள் ஓடுகிற சத்தம். மாடிப்படியில் யாரோ அதட்டினார்கள். பதிலுக்கு அவள் சிரித்தது கீழ்த்தளம் வரை இறங்கிக்கொண்டே போனது.

ரேடியோ திரும்பவும் பாட ஆரம்பித்துவிட்டது.

அமிலம் எழுந்து என் பக்கம் வந்தார். தொட்டியில் கை கழுவினார்.

"அவளா வந்திருக்க மாட்டா. நீதானே அனுப்பின?"

தலையாட்டினேன்.

"அதே சீட்டுக்கு நீயும்தானே அப்ளை பண்ற?"

"உங்க லெட்டர் எனக்கு ஆகாதே. அதை வீணாப் போக விட மனசு வரல."

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் தானாக இன்னொரு வார்த்தையையும் சேர்த்துவிட்டது.

"அம்மா."

பெற்றவர்கள் தம் பிள்ளைக்குக் கடிதம் தரக் கூடாது என்பது அந்தக் கல்லூரியின் விதி. பள்ளிக்கூட வாசலுக்கு உள்ளே 'மிஸ்' தவிர வேறு எதுவும் சொல்லி அவரைக் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒருமுறைகூட நான் அதை மீறியதில்லை.

அவர் என்னைத் திருத்தவில்லை.

ஈரக் கையைத் துடைக்காமலேயே என் கன்னத்தில் வைத்தார்.

பிறகு தலையசைத்துப் பக்கத்து அறையைக் காட்டினார்.

"ஃபிசிக்ஸ் சார் இன்னும் கிளம்பல. போ. நீயும் ஸ்ட்ராங்கா வேணும்னே கேளு."