காற்று வெளியேறும்வரை

போல்ட் அசையவில்லை.

அவள் மல்லாந்து கிடந்தாள். முகத்துக்கு மேலே கார். ஸ்பேனரின் வாலில் ஒரு தண்ணீர்க் குழாயைச் செருகி, கால்களைக் கல்லில் ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தாள்.

துரு கண்ணில் விழுந்தது.

வால்பாறை மெக்கானிக் சொன்னது இதைத்தான். முன்சக்கரத்தைத் தாங்குகிற கையும் அதன் போல்ட்டும் ஒன்றோடொன்று இறுகிவிட்டன, பழைய வண்டிக்கு இவ்வளவு பாடு எதற்கு, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்றார்.

பவுலின் எடைக்குப் போடவில்லை. கோயம்புத்தூர் போய் உதிரிபாகக் கடைகளில் ஏறி இறங்கினாள். புதிய கைகளும், பழைய டிரம் பிரேக்குக்குப் பதிலாகப் போட டிஸ்க் பிரேக்கும் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தேயிலைத் தொழிற்சாலையில் எந்திரங்களுக்குக் கிரீஸ் அடிக்கிறவள். இறுகிய போல்ட்டுகள் அவளுக்குப் புதிதல்ல.

வீட்டுக்குப் பின்னால் கோடரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கணவன் சூசை விறகு பிளந்தான். காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

போன மழைக்காலத்தில், ஆழியாறு இறங்கும் பாதையில், ஒரு வளைவில் பிரேக் பெடல் தரைவரை போனது. பின்சீட்டில் பிரசவத்துக்குப் போகிற ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும். சூசை பள்ளத்தின் பக்கம் விடாமல் மலையோடு கொண்டுபோய் மோதி நிறுத்தினான். முன்சக்கரங்களைத் தாங்கும் கைகள் வளைந்தன. உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வேறு வண்டி பிடித்துப் போனார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. வீடு தேடி வந்து அவனைக் கும்பிட்டார்கள்.

அவன் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. டாக்சி ஓட்டியவன் எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டப் போனான்.

அவள் தீயைப் பீய்ச்சும் ப்ளோ லாம்ப்பை ஏற்றினாள்.

நட்டு சிவந்தது. ரப்பர் கருகி நாறியது. மெழுகுவர்த்தியை அதன்மேல் தேய்த்தாள். மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. ஆறட்டும் என்று காத்திருந்தாள்.

பிறகு சுத்தியல்.

பிறகு குழாய்.

படார் என்றது.

சூசை கோடரியோடு ஓடி வந்தான். காருக்கு அடியிலிருந்து அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. கோடரியைப் போட்டுவிட்டுக் குனிந்தான்.

கால்கள் நகர்ந்தன. அவள் வெளியே வந்தாள். முகமெல்லாம் கரி. துணியில் சுற்றிய போல்ட்டை அவனிடம் நீட்டினாள்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விறகுக்குத் திரும்பினான். ஆனால் கோடரிச் சத்தம் மறுபடி கேட்க நேரமானது.

மற்றதெல்லாம் வழிக்கு வந்தது. அந்தப் பக்கத்து போல்ட்டும் கொஞ்சம் முரண்டுபிடித்துக் கழன்றது. புதிய கைகள் ஏறின. டிஸ்க்குகள் ஏறின.

ஒரு வேலைதான் பாக்கி. பிரேக் குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். தனி ஆளாக அது முடியாது.

உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க ஓர் ஆள் வேண்டும் என்றாள். பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டான்.

"நீங்க உக்காருங்க," என்றாள்.

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மூடுபனி ஏறி வந்து காரைத் தொட்டு, விலகிப் போனது.

உட்கார்ந்தான். கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் பின்சக்கரத்தருகே குந்தினாள். காற்றை வெளியேற்றும் நிப்பிளில் செருகிய ரப்பர்க் குழாயின் மறுமுனை பாட்டிலில் பிரேக் ஆயிலுக்குள் கிடந்தது. மிதிக்கச் சொன்னாள். அப்படியே அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். நிப்பிளைத் திறந்தாள்.

பாட்டிலில் குமிழிகள் பொங்கின.

பெடல் தரையில் போய் இடித்தது.

அவள் காத்திருந்தாள்.

"அன்னிக்கு மாதிரியே போகுது, பவுலி."

அவள் நிப்பிளை இறுக்கினாள். எழுந்து போய் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. போகவில்லை.

"காத்துதான் போகுது. விட்டுட்டு மறுபடி மிதிங்க."

மிதித்தான். மறுபடி தரை. மறுபடி குமிழிகள். மறுபடி மிதித்தான்.

அடுத்த சக்கரம். அதற்கடுத்தது. குமிழிகள் சிறுத்தன. கடைசிச் சக்கரத்தில் ஆயில் மட்டும் வந்தது, தெளிவாக, அறாத நூல்போல.

நிப்பிளை இறுக்கினாள். அவள் சொல்லாமலே அவன் மிதித்தான்.

மிதித்தபடியே இருந்தான்.

"நிக்குது," என்றான்.

அவள் எழுந்து பார்த்தபோது அவன் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

எல்லா நட்டுகளையும் அவள் இன்னொரு முறை இறுக்கிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் ஏறிக்கொண்டாள். தொழிலாளர் லைன் வீடுகளுக்கு முன்னால் இருந்த மைதானத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்தினான். வேகமாக ஓட்டி நிறுத்தினான். இழுக்காமல், கோணாமல், நேராக நின்றது. திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தான். துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

போதும், வீட்டுக்குத் திருப்புங்கள் என்றாள்.

அவன் எஸ்டேட் கேட்டைத் தாண்டினான்.

பாதை இறங்கத் தொடங்கியது. அந்த வளைவு வந்தது. சரிவில், பாதி திரும்புகையில், அவன் பிரேக்கை மிதித்தான்.

கார் நின்றது.

கீழே பள்ளம். வெகு கீழே அணையின் தண்ணீர். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவன் கையை வெளியே நீட்டி, தாண்டிப் போகச் சொன்னான். பஸ் போனது.

இங்கேதான் திருப்பப்போகிறான் என்று நினைத்தாள்.

"கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வரலாமா?" என்றான்.

அவள் தன்னைப் பார்த்தாள். நைட்டிக்கு மேல் அவனுடைய பழைய சட்டை. முழங்கைவரை கிரீஸ். காலில் செருப்பில்லை. வீட்டை வேறு பூட்டவில்லை.

சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கார் அடுத்த வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

கண்ணாடியை இறக்கிவிட்டாள்.