கேள்விக்குப் பின் மௌனம்

கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இரு, பிள்ளைகளை யோசிக்க விடு என்கிறது ஆசிரியர் பயிற்சிப் பாடம். "அரையும் காலும் சேர்ந்தா எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். மின்விசிறி கிறீச்சிடுகிறது. பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டுக் கூச்சல் சுவரைத் துளைக்கிறது. வியர்த்த விரல்களில் சாக்பீஸ் பிசுபிசுக்கிறது. ஒருத்தரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. வகுப்பே என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறது. எனக்கு மதிப்பெண் போட வந்திருக்கும் மேற்பார்வையாளர் கடைசி பெஞ்சில் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறார். யாராவது வாயைத் திறந்து தொலையுங்களேன்! முதல் வரிசை ரெட்டைச்சடைக்காரி அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு என் பக்கம் சாய்கிறாள். "மிஸ், ஒண்ணரை. அவர் இங்க பாக்கல, சட்டுனு சொல்லிடுங்க." எனக்கே சொல்லிக்கொடுக்க வந்தவள், விடையையாவது சரியாகச் சொல்லிக்கொடுக்கக் கூடாதா!