ஒன்பது தப்பு

"இனிமே ஒருத்தர் எழுதின புரோகிராமை இன்னொருத்தர் பார்த்த பிறகுதான் கஸ்டமருக்கு அனுப்பணும்," என்றாள் புதிதாக வந்த டீம் லீடர்.

"பதினாலு வருஷமா என் புரோகிராம்ல யாரும் கை வெச்சதில்லம்மா," என்றார் சீனியர்.

மறுநாள், எழுதியவர் பெயர் இல்லாத ஒரு புரோகிராமை அவள் திரையில் போட்டாள். சீனியர் புகுந்து விளையாடினார். ஒன்பது தப்பு.

"எந்தப் புண்ணியவான் எழுதினது இது?"

அவருடைய பழைய புரோகிராமையே போட்டு மாட்டிவிட்டாள் என்று நினைத்து, மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"நான்தான் சார். ஏழு தப்பு வேணும்னே வெச்சேன்."

"நான் ஒன்பது சொன்னேனே?"

"மீதி ரெண்டு எனக்கே தெரியாது சார்."

சீனியர் தன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார்.

"என்னோடதையும் ஒரு பார்வை பாருங்க. எத்தனைன்னு மட்டும் மெதுவாச் சொல்லுங்க."