ஒரு பைட் போதும்

"என்னுதை முதல்ல ஓட்டினா கம்ப்யூட்டர் தூங்கி வழியும். உன்னுது வரும்போது சுறுசுறுப்பாயிடும். இது போங்கு ஆட்டம்க்கா!"

தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

அக்காவும் தம்பியும் பார்த்த வேலையை உதறிவிட்டு வீட்டு முன்னறையில் தொடங்கிய நிறுவனம் அது. ஆறு மாதத்தில் வந்த ஒரே வேலை, ஒரு லிஃப்ட்டுக்கு மென்பொருள். கெடு தாண்டி இரண்டு வாரம் ஆகிவிட்டது. இன்றும் கொடுக்காவிட்டால் கட்டட உரிமையாளர் வேறு ஆளைப் பார்த்துவிடுவார். அப்புறம் இருவரும் பழைய அலுவலகத்தில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

லிஃப்ட் எந்தெந்த மாடியில் நிற்க வேண்டும் என்ற பட்டியலில்தான் இழுபறி. தம்பி சொல்வதுபோல் மாடி எண்ணைத் தசம எண்ணாக வைத்தால் கம்ப்யூட்டர் நினைவகத்தில் எட்டு பைட் இடம் பிடிக்கும். அக்கா சொல்வதுபோல் சின்ன முழு எண்ணாக வைத்தால் ஒரே பைட்.

"மாடிக்கு எதுக்குடா தசமம்?"

"ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டா?"

"நின்னா மெக்கானிக்கைக் கூப்பிடுவாங்க. தசமத்தையா கூப்பிடுவாங்க?"

யாருடைய பட்டியலைக் கம்ப்யூட்டர் வேகமாகப் படிக்கிறது என்று பார்க்க, இந்த முறை அவனுடையதைக் கடைசியில் ஓட்டினாள். பட்டியலில் ஒரு கோடி எண்கள். அவளுடையது இரண்டு மில்லி செகண்ட். அவனுடையது பத்து.

"பார்த்தியா, அஞ்சு மடங்கு!"

"பின்னாடி பாட்டு ஓடுதில்ல? அதை நிறுத்து."

நிறுத்தினாள். பத்து. மின்விசிறியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பச் சொன்னான். திருப்பினாள். அப்போதும் பத்து.

பதினேழாவது முறையில், "சரி, நீயே ஜெயிச்சே. போ" என்று முணுமுணுத்தான். தலைகால் புரியாத சந்தோஷத்தில் அவளுக்கு வாசல் மணி அடித்ததுகூடக் கேட்கவில்லை.

கட்டட உரிமையாளர் உள்ளேயே வந்துவிட்டார்.

"முடிஞ்சுதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"முடிஞ்சுது சார்! வேகத்துக்காகத்தான் ரெண்டு வாரம் தள்ளிப்போச்சு. இப்ப ஒரு கோடி மாடி எண்ணை ரெண்டே மில்லி செகண்டுல படிச்சுடும்!"

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"ஏம்மா, எங்களுது மொத்தமே மூணு மாடிதானே? அதுலயும் மூணாவதுக்கு இன்னும் கூரையே போடல."