ஓசி நெட்

டிவியில் மாப்பிள்ளை குழந்தையின் காதருகே குனிந்தார். வாயைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

திரை நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"போச்சுடா!" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார் ராஜாங்கம்.

மஸ்கட்டில் பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள். மனைவி விஜயலட்சுமிக்கு மூட்டு ஆபரேஷன் ஆகியிருந்ததால், இருவரும் வடக்கனந்தல் வீட்டிலிருந்தே டிவியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை காதில் ராஜாங்கத்தின் அம்மா பெயரைத்தான் சொல்லப் போகிறோம் என்று மகள் ராதிகா சொன்னதிலிருந்து மனுஷனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தப் பெயர் வருகிற நேரம் பார்த்தா நிற்க வேண்டும்?

"தெனமும் இதே நேரத்துக்குத்தான் சுத்துது விஜயா. எனக்கு இன்னா கண்ணு தெரியாதா? அங்க பாரு!"

ஜன்னல் வழியே பக்கத்து வீட்டு கவியா தெரிந்தாள். கல்வராயன் மலைக்காரப் பெண். கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. சுற்றுச்சுவரை ஒட்டி நின்று, போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம நெட்டை உறிஞ்சிக்கினு இளிப்பு வேற!"

"ஏங்க, அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க."

"ஏன் சொல்லக் கூடாது? அவ வாங்குற சம்பளத்துல தனியா நெட்டு வேற போட்டிருப்பாளா?"

கவியா மேல் அவருக்கு ஏற்கெனவே காண்டு. அவள் வீட்டு முருங்கை சுவர் தாண்டி வந்து கம்பளிப்பூச்சி கொட்டுகிறது என்று, போன மாதம்தான் அரிவாளோடு ஏணியில் ஏறி, இந்தப் பக்கம் வந்த கிளைகளையெல்லாம் வெட்டித் தள்ளினார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் அவருக்குத் திமிராகத்தான் பட்டது.

சுவரோரம் போய் நின்று குரலை உயர்த்தினார்.

"ஏம்மா! ஓசி நெட்டுல எவ்ளோ நேரம் படம் பாப்ப? அடுத்தவன் வூட்டுப் பொருளைத் தொடக் கூடாதுன்னு உங்க மலையில சொல்லித் தரலையா?"

தெருவில் போன நாலு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாங்கய்யா ஆச்சு?"

"எம் பேத்திக்குப் பேரு வைக்கிறாங்க. டிவி நின்னுபோயி சுத்திக்கினு கெடக்குது. ஆச்சாம்!"

கவியா போனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"தெரியாதுங்கய்யா. இதோ நிறுத்திடறேன்."

போனில் ஏதோ முணுமுணுத்துவிட்டு அணைத்தாள்.

ராஜாங்கம் தேர்தலில் ஜெயித்த மாதிரி உள்ளே வந்தார்.

"பாத்தியா? கேட்டதும் ஒத்துக்கினா. இரு, நம்ம பொட்டியையும் ஒருவாட்டி நிறுத்திப் போட்டா ஜம்முனு வரும்."

"ஐயோ, அதைத் தொடாதீங்க!"

அதற்குள் வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். சிவப்பு விளக்கு அணைந்தது.

டிவியில் வட்டம் மறைந்தது.

நின்ற இடத்திலிருந்து மாப்பிள்ளை பேசினார். "சாலம்மாள்... சாலம்மாள்... சாலம்மாள்..." ராதிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படம் கண்ணாடி மாதிரி ஓடியது.

ராஜாங்கம் பிளக்கும் கையுமாக நின்றார்.

"இன்னா விஜயா இது? பொட்டி ஆஃப் ஆயிருக்குது, டிவி ஓடிக்கினு இருக்குது?"

விஜயலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நம்ம நெட்டு செத்து ஒரு மாசம் ஆவுதுங்க. முருங்கையை வெட்டுனீங்களே, அந்தக் கிளை மேலதான் நம்ம ஒயரும் போச்சு. சேத்து வெட்டிட்டீங்க."

"செவப்பு லைட்டு எரிஞ்சிக்கினு இருந்துதே?"

"அறுந்தாதான் செவப்பு எரியுமாம். உங்ககிட்ட சொன்னா, அவ மரத்தாலதான்னு மரத்தையே சாய்ச்சிருப்பீங்க. அதான் கவியாகிட்ட பாஸ்வேர்டு கேட்டேன். உடனே போட்டுக் குடுத்துச்சு. நமக்கு நல்லா எடுக்கணும்னு அது வூட்டுப் பொட்டியைக் கூட நம்ம பக்கத்து ஜன்னல்ல கொண்டாந்து வச்சிருக்குது. அதனாலதான் பேசுறதுன்னா அதுவும் சுவத்தாண்ட வந்து நிக்குது."

ராஜாங்கத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓசி நெட்! தெருவே கேட்கக் கத்தியது இந்த வாய்தானே! அம்மா பெயரைக் காதால் கேட்டும், அதில் சந்தோஷப்பட அவருக்கு முகம் இல்லை.

மறுபடி சுவரோரம் போகக் கால் வரவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

கவியா அங்கேயேதான், வெட்டுப்பட்ட முருங்கைக்கு அடியில் நின்றிருந்தாள்.

"ஏம்மா..." அவரால் தலை நிமிர்ந்து பேச முடியவில்லை. "நான் அப்படிக் கத்துனப்போ, இது என் நெட்டுதான்யான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"தெருவுல ஆளுங்க நின்னாங்கய்யா."

அவர் மானத்தை அவர் திட்டிய பெண்ணே காப்பாற்றியிருக்கிறாள்.

"என்னை மன்னிச்சிடும்மா. எங்களுக்குப் போதும். நீ உன் படத்தைப் போட்டுப் பாரு."

"படம் இல்லீங்கய்யா. எம் பொண்ணு. மலையில எங்கம்மாகிட்ட இருக்குறா. வூட்டாண்ட சிக்னல் கிடையாது. சாயங்காலம் ஒருவாட்டிதான் பாறை மேல ஏத்திக் கூட்டியாருவாங்க. அவ மூஞ்சியப் பாக்கத்தான் இந்த நெட்டே போட்டேன்."

"அப்போ இப்பவே கூப்புடும்மா!"

"இந்நேரம் எறங்கியிருப்பாங்கய்யா." அணைந்த போனை இடுப்பில் செருகிக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அது கெடக்கட்டும். உங்க பாப்பாவுக்கு இன்னா பேரு வச்சாங்க?"