கடைசித் தட்டுச் செல்லம்

ரத்த வங்கி ஃபிரிட்ஜுக்குத் தன் வயிற்றில் கிடந்த ரத்தப் பைகள் எல்லாமே பிள்ளைகள்தான். அதிலும் ஓ நெகட்டிவ் பை மேல் கொள்ளைப் பிரியம். கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே, "பெரியவங்க பின்னால ஒளிஞ்சுக்கோ, கண்ணு" என்று பதறும்.

"எல்லாரும் போறாங்களே, நான் எப்பம்மா போறது?"

"வெளியே ஒரே சூடு. உனக்கு ஒத்துக்காது."

ஒருநாள் பிரசவ வார்டிலிருந்து ஓ நெகட்டிவ் கேட்டு ஆள் ஓடிவந்தது. பை துள்ளியது. ஃபிரிட்ஜ் அதை இன்னும் உள்ளே இழுத்து அணைத்துக்கொண்டது. ஊழியர் ஜெசிந்தா தேடிப் பார்த்துவிட்டு, பதற்றத்தோடு வேறு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நல்லவேளை, அங்கிருந்து வந்து சேர்ந்தது. ஃபிரிட்ஜுக்கு அப்பாடா என்றிருந்தது.

பிறகு ஒரு காலை, தட்டைத் துடைக்க வந்த ஜெசிந்தாவின் கையில் அந்தப் பை சிக்கியது. லேபிளைப் பார்த்தவள், "அடடா, தேதி முடிஞ்சுபோச்சே" என்று கழிவுக் கூடையைக் காலால் இழுத்தாள்.

பைக்குத் தேதியும் தெரியாது, கூடையும் தெரியாது. முதல்முறை வெளிச்சத்துக்கு வந்த குஷியில், "அம்மா, என்னையும் கூப்பிட்டுட்டாங்க! யாருக்கும்மா போறேன்?" என்று கத்தியது.

"யாருக்கோ ரொம்ப அவசரமாம், கண்ணு" என்றது ஃபிரிட்ஜ். "போய்ட்டு வா."