விகாரம் என்றால்

தயாளினி ரீச்சர் பலகையில் எழுதினாள்: கடல் மணல் படகு.

பிறகு முதல் ‘ட’வைச் சுட்டுவிரலால் அழித்தாள்.

“இப்ப மூண்டு மூண்டு எழுத்தா வாசியுங்கோ.”

“கல்ம ணல்ப டகு” என்று முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் வாசித்துவிட்டுக் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். ரியூசன் கொட்டிலுக்கு வெளியே யாரோ எறிந்த கொப்பி மட்டையைச் சப்பிக்கொண்டிருந்த, ஊருக்குள் திரியும் மான்கூடத் தலையை நிமிர்த்திப் பார்த்தது.

அவ்வளவுதான் விசயம். டிஎன்ஏயும் மூன்று மூன்று எழுத்தாகத்தான் வாசிக்கப்படும். மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம், அப்படியே கோத்துக்கொண்டு போனால் புரதம். நடுவில் ஓரெழுத்து விழுந்ததோ, பின்னால் வருவதெல்லாம் உளறல். அதற்குப் பெயர் விகாரம்.

முன் வாங்கிலிருந்த பிரசாந்தி கையை உயர்த்தினாள்.

“ரீச்சர், விகாரம் எண்டா வடிவில்லாததாம். அப்பாதான் சொன்னவர். அது பிழைதானே?”

வகுப்பு மறுபடியும் சிரித்தது. அந்த நேரம் பார்த்து மேசையில் போன் அதிர்ந்தது. தங்கை லோஜனாவின் பெயர். இரத்தச் சோதனை முடிவு வந்திருக்க வேண்டும்.

தம்பி மதுசனைப் பத்தொன்பது வயதில் கொண்டுபோன நோய்க்கான சோதனை. தசைக்கு வேண்டிய புரதம் ஒன்றைச் செய்யச் சொல்லும் எழுத்தில் அவனுக்கு ஒரு துண்டு இல்லை. தாய்வழியாக வரலாம், பெண்பிள்ளைகள் நோயில்லாமலே காவித் திரிவார்கள், பெறுகிற ஆண்பிள்ளையில் காட்டும் என்றார் டொக்டர். அப்ப அக்கா எனக்கு என்று தயாளினி கேட்டாள். இருக்கலாம், இல்லாமலும் விடலாம், அரைக்கு அரை என்றார். அந்த நாளில் சோதித்துப் பார்க்க வசதியில்லை.

அந்த அரைக்குப் பயந்தாளே, அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

இருபது வருசத்துக்கு முன், உட்துறைமுக வீதி மதிலடியில், இழுவைப்படகில் வேலை செய்த ஒரு மனுசன் அவளைக் கட்டக் கேட்டார். அவளுக்கும் அவரில் விருப்பம், உயிர்தான். ஆனாலும், “எனக்குள்ள ஒரு விகாரம் இருக்கு, வேற இடம் பாருங்கோ” என்றாள். படித்த படிப்பு அப்படி, பாடப்புத்தகச் சொல்தான் வாயில் வந்தது.

மனுசன் அவள் முகத்தை வடிவாகப் பார்த்தார். “எங்க? ஒரு விகாரத்தையும் காணேல்லையே” என்று இடது கன்னம் குழியச் சிரித்தார்.

இருந்து விளங்கப்படுத்தியிருக்கலாம். படகு இழுக்கிறவருக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது என்று எழும்பி வந்துவிட்டாள். எவ்வளவு கெறுக்கு! அவர் கொஞ்சக் காலம் பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்தார். பார்க்கச் சொன்னதே இவள்தானே.

உவர்மலை வீட்டில் இப்போதும் தனியாள் உலைக்கு அரைச் சுண்டு அரிசிதான் போடுகிறாள். அதிலும் மிஞ்சும்.

போன மாதம் லோஜனாவின் மகளுக்குக் கலியாணப் பேச்சுக்கால் வந்தது. பயத்தில் லோஜனா கொழும்பில் தானும் இரத்தம் கொடுத்து, அக்காவையும் கொடுக்க வைத்தாள். “இந்த வயசில எனக்கு ஏனடி?” என்று தயாளினி கேட்டாள். கேட்டுக்கொண்டே கையையும் நீட்டினாள்.

போனைத் திறந்தாள்.

‘அக்கா, றிப்போட் வந்திட்டுது. மதுசனில இல்லாத துண்டு எங்கள் ரெண்டு பேரிலயும் முழுசா இருக்காம். ஒரு விகாரமும் இல்லை. பிள்ளையின்ர கலியாணத்துக்கு இனிப் பயமில்லை.’

நல்ல செய்தி. சந்தோசப்படத்தான் வேண்டும். பாவி மனது இருபது வருசத்தை எண்ணத் தொடங்கியது.

பிள்ளைகள் முகத்தைக் காணக்கூடாதென்று பலகைப் பக்கம் திரும்பி, வெண்கட்டியை எடுத்து, விழுந்த ‘ட’வை எழுதுகிற சாட்டில் கனநேரம் நின்றாள்.

“ரீச்சர், அப்பா சொன்னது பிழைதானே?”

பிரசாந்தி விடுகிறபாடில்லை. தயாளினி திரும்பிப் பார்த்தாள். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். இடது கன்னத்தில் குழி, ஓரெழுத்துப் பிசகாமல் அதே இடத்தில்.

“இல்லைப் பிள்ளை,” என்றாள் தயாளினி. “உங்கட அப்பா அண்டைக்கே சரியாத்தான் சொன்னவர்.”